ஐஸ் ஹவுஸிலிருந்து கிளம்பிய ஆசிரியைகள்

1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர். பெற்றோருக்கு விருப்பமில்லை, பெண் படித்தால் குடும்பம் கெட்டுவிடும் என்று பயந்தார்கள் என்பதுதான் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அது பாதி உண்மை. படிக்கவைக்க மனமிருந்த வீடுகளிலும் ஒரு தடை இருந்தது. பெண் வளர வளர அவளை ஆண் வாத்தியாரிடம் அனுப்பத் தயங்கினார்கள். பெண் வாத்தியார் வேண்டுமென்றால் படித்த பெண்கள் வேண்டும். படித்த பெண்கள் வேண்டுமென்றால் முதலில் பெண் வாத்தியார் வேண்டும். இந்த முடிச்சு அவிழாதவரை எத்தனை பள்ளி திறந்தாலும் மூன்றாம் வகுப்போடு பெண்கள் நின்றுவிடுவார்கள்.

பெண்கள் பள்ளியின் பெருமையைப் பேசும்போது அங்கே படித்துப் பெயர் பெற்றவர்களின் பட்டியலை நீட்டுவது நம் வழக்கம். முதல் மருத்துவர், முதல் நீதிபதி, முதல் ஆட்சியர். அந்தப் பட்டியலுக்கு மதிப்பு உண்டு. ஆனால் ஒரு பள்ளி ஒரு சமூகத்தை என்ன செய்தது என்பதை அது சொல்லாது. ஒரு பள்ளியில் படித்துவிட்டுப் போன பெண்களால் அடுத்த பெண் படிப்பது எவ்வளவு எளிதாயிற்று என்று கேட்டால்தான் அது விளங்கும். இந்தக் கேள்வியோடு தமிழர் வாழ்ந்த இரண்டு இடங்களைப் பார்க்கலாம். ஒன்று யாழ்ப்பாணத்து உடுவில். மற்றது சென்னைக் கடற்கரையில் இருக்கும் ஐஸ் ஹவுஸ்.

சீதனம் கொடுத்த பள்ளி

அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல். 1823இல் வட்டுக்கோட்டையில் ஆண்களுக்கு ஒரு செமினரி தொடங்கினார்கள். மறு ஆண்டே, 1824இல், ஹாரியட் வின்ஸ்லோ என்ற மிஷனரிப் பெண் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். தமிழ் - ஆங்கிலப் பேரகராதியால் நாம் அறிந்த மிரன் வின்ஸ்லோவின் மனைவி அவர். ஆசியாவில் பெண்களுக்கென்று எழுந்த மிகப் பழைய விடுதிப் பள்ளிகளில் ஒன்றாக உடுவில் கருதப்படுகிறது.

தொடக்கத்தில் பிள்ளை கிடைப்பதே கஷ்டம். பெண்ணை இரவில் வேறு வீட்டில் தங்கவிடுவதை ஊர் ஏற்கவில்லை. மிஷன் சாப்பாடும் துணியும் கொடுத்தது. படிப்பு முடிந்து கிறிஸ்தவ மாப்பிள்ளையைக் கட்டும் பெண்ணுக்குச் சீதனமும் கொடுத்தது. யாழ்ப்பாணச் சமூகத்தில் பெண்ணின் வாழ்க்கை சீதனத்தைச் சுற்றியே அமைந்திருந்தது. படிப்பு அந்தக் கணக்குக்குள் நுழைந்தால்தான் பெற்றோர் காது கொடுப்பார்கள் என்பதை மிஷன் புரிந்துகொண்டது. செமினரியில் படித்த உபதேசிமாருக்கும் ஆசிரியர்களுக்கும் படித்த மனைவிமார் வேண்டும் என்பது அதன் நோக்கம். பெண்ணுக்காகவே பெண்ணைப் படிக்கவைக்கும் எண்ணம் அதில் குறைவு. இதை மறைக்கத் தேவையில்லை.

ஆனால் பள்ளிகள் தம்மைத் தொடங்கியவர்களின் நோக்கத்தோடு நிற்பதில்லை. 1840இல் எலைசா அக்னியு என்ற ஆசிரியை உடுவிலுக்கு வந்தார். திருமணம் செய்துகொள்ளாத அவர் நாற்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக, 1879 வரை, அந்தப் பள்ளியை நடத்தினார். ஒருமுறைகூட அமெரிக்கா திரும்பாமல் 1883இல் யாழ்ப்பாணத்திலேயே இறந்தார். அவரிடம் படித்தவர்கள் ஆயிரத்துக்கு மேல். 'ஆயிரம் மகள்களின் தாய்' என்று அவரைச் சொல்வார்கள். அந்த ஆயிரம் என்ற எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. தொடக்க காலத்தில் தம்மிடம் படித்தவர்களின் மகள்களுக்கும், சிலருடைய பேத்திகளுக்கும்கூட அவர் பாடம் சொல்லிக் கொடுத்தார். பெண்ணைப் பள்ளிக்கு வரவழைக்கச் சீதனம் கொடுக்க வேண்டியிருந்த ஊரில், படித்த தாய் தன் மகளைத் தானே கொண்டுவந்து விட்டாள். பிற்காலத்தில் பெற்றோர் கட்டணம் கட்டிச் சேர்க்கும் நிலையும் வந்தது. முதல் தலைமுறைக்குச் சலுகை தேவைப்பட்டது. மூன்றாம் தலைமுறைக்கு அது குடும்ப வழக்கம்.

இதன் அடுத்த விளைவு பள்ளிக்கு வெளியே தெரிந்தது. மிஷன் பள்ளிகளுக்கு ஈடாகச் சைவர்கள் தங்கள் பள்ளிகளை எழுப்பினார்கள். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பெண்களுக்கென்று பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியை நிறுவினார். அது உடுவிலுக்கு அடுத்தாற்போல இருக்கும் ஊர். எங்கள் பெண்களை மதம் மாற்றுகிறீர்கள் என்ற கோபத்துக்கு, பெண்களை வீட்டில் நிறுத்துவது பதிலாக இருந்திருக்கலாம். எங்கள் பெண்களை நாங்களே படிக்கவைக்கிறோம் என்பதே அந்தச் சமூகம் கடைசியில் சொன்ன பதில். படித்த பெண் ஏற்கனவே ஊரில் கண்ணெதிரே வாழ்ந்துகொண்டிருந்த பிறகு, படிக்காத மகளை வைத்திருப்பது கௌரவக் குறைவாகிவிட்டது.

ஒரு கைம்பெண் போட்ட கணக்கு

சென்னையில் இதே முடிச்சை அவிழ்த்தவர் ஆர். எஸ். சுப்பலட்சுமி. 1886இல் பிறந்தவர். தஞ்சை மாவட்டத்து பிராமணக் குடும்பம், தந்தை பொறியாளர். பதினொரு வயதில் கல்யாணம், சிறிது காலத்திலேயே கணவர் இறந்துவிட்டார். அன்றைய வழக்கப்படி இனி அவருக்குத் தலைமழிப்பு, வெள்ளைச் சேலை, அடுக்களை மூலை. தந்தை அதற்குச் சம்மதிக்கவில்லை. மகளைப் படிக்கவைத்தார். எழும்பூரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்து, 1911இல் மாநிலக் கல்லூரியில் முதல் வகுப்பில் பட்டம் பெற்றார் சுப்பலட்சுமி. சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரி என்று வரலாற்றில் குறிக்கப்படுபவர் அவர்தான்.

இங்கே நின்றிருந்தால் அவரும் 'முதல் பெண்' பட்டியலில் ஒரு வரியாகியிருப்பார். அவர் நிற்கவில்லை. 1912இல் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு எழும்பூரில் தம் வீட்டிலேயே நான்கு இளம் கைம்பெண்களை வைத்துக்கொண்டு ஒரு இல்லத்தை ஆரம்பித்தார். அவரைப் போலவே சிறுவயதில் கைம்பெண்ணான சித்தி வாலாம்பாள் துணை நின்றார்.

இந்தியாவில் கைம்பெண்களுக்கான இல்லம் புதிதல்ல. பண்டித ரமாபாய் 1889இல் பம்பாயில் சாரதா சதனைத் தொடங்கியிருந்தார். கார்வே 1896இல் புணேயில் இல்லம் நிறுவினார். தெலுங்குப் பகுதியில் வீரேசலிங்கம் 1881லேயே கைம்பெண் மறுமணத்தை நடத்திவைத்தார். சுப்பலட்சுமியின் தனித்தன்மை, இரண்டு சிக்கல்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்ததில் இருக்கிறது. ஒரு பக்கம், பெண்கள் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் இல்லை. சுமங்கலிப் பெண்ணை மாமியார் வீடு வேலைக்கு அனுப்பாது. கன்னிப் பெண்ணுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதில் கல்யாணம் ஆகிவிடும். மறுபக்கம், இளம் கைம்பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்குக் கணவன் வீட்டுப் பொறுப்பில்லை. பிறந்த வீட்டுக்கோ பாரம். வாழ்நாள் முழுவதும் செய்ய அவர்களுக்கு ஒரு வேலை தேவைப்பட்டது. கண்ணில் பட்டாலே அபசகுனம் என்று ஊர் ஒதுக்கிய பெண்ணை, ஊர் தன் மகளை நம்பி ஒப்படைக்கும் ஆசிரியையாக ஆக்குவது அவருடைய திட்டம்.

சமூக சேவை என்ற சொல்லுக்குள் இந்தத் திட்டத்தை அடக்கிவிட்டால் அதன் கூர்மை தெரியாது. இரக்கத்தின் அடிப்படையில் நடந்த இல்லங்களில் கைம்பெண் உதவி பெறுபவள். இங்கே அவள் மாகாணத்தின் கல்வித் துறைக்கு அவசரமாகத் தேவைப்பட்டவள். அரசு இந்த இல்லத்துக்குப் பணம் கொடுத்ததற்கும் இதுவே காரணம்.

பிள்ளைகள் கூடக் கூட இடம் போதவில்லை. திருவல்லிக்கேணிக் கடற்கரையில் வட்ட வடிவில் ஒரு பழைய கட்டடம் இருந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டியது. அதனால் அதற்கு ஐஸ் ஹவுஸ் என்று பெயர். பின்னர் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கி வீடாக மாற்றினார். 1897இல் விவேகானந்தர் தங்கிச் சொற்பொழிவாற்றியதும் அங்கேதான். 1917இல் அரசு அதைக் கையகப்படுத்தியது. இல்லம் அங்கே வந்தது. கடற்கரைச் சாலையில் அதற்குப் பக்கத்திலேயே 1914இல் தொடங்கிய பெண்கள் கல்லூரி இருந்தது. டொரோத்தி டி லா ஹே முதல்வராக இருந்த அந்தக் கல்லூரிதான் பின்னர் ராணி மேரி கல்லூரி என்று பெயர் பெற்றது. இல்லத்துப் பெண்கள் சிலர் அங்கே சேர்ந்து பட்டம் பெற்றார்கள். இருக்க இடம், பள்ளிப் படிப்பு, கல்லூரி, பிறகு வேலை என்று ஒரு முழுப் பாதை ஒரே கடற்கரையில் அமைந்துவிட்டது.

கரும்பலகை முன்னால்

அந்தப் பாதையின் கடைசிப் படி 1922இல் வந்தது. லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. முதல் முதல்வர் சுப்பலட்சுமி. அதோடு ஒரு மாதிரிப் பள்ளியும் இணைந்திருந்தது. பயிற்சிப் பெண் முதல் நாள் இரவு பாடக் குறிப்பு எழுதுவாள். மறுநாள் உண்மையான பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் நின்று அந்தப் பாடத்தை நடத்துவாள். பின்வரிசையில் மேற்பார்வை செய்யும் ஆசிரியை இருப்பார். குரல் கடைசி பெஞ்சு வரை எட்டியதா, கேள்வியை முதலில் கேட்டுவிட்டுப் பெயரை அப்புறம் சொன்னாளா, கரும்பலகையில் எழுத்து நேராக இருந்ததா என்றெல்லாம் பார்ப்பார். பாடம் முடிந்ததும் குறைகளைச் சொல்வார். மறுபடி நடத்தவேண்டும்.

ஆசிரியப் பயிற்சி பெற்ற எவருக்கும் இது பழகிய விஷயம். ஆனால் வீட்டில் யார் முன்னாலும் வந்து நிற்கக்கூடாது என்று வளர்க்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு இது எப்படிப்பட்ட பயிற்சி என்று யோசித்துப் பார்க்கலாம். நிமிர்ந்து நிற்கவும், உரக்கப் பேசவும், தவறு செய்தால் திருத்திக்கொண்டு மறுநாளும் வந்து நிற்கவும் அது கற்றுக்கொடுத்தது. பெண்களே நடத்தும், பெண்களே படிக்கும் இடமாக இருந்ததால்தான் இது நடந்தது. தலைமையாசிரியர், கணக்குப் பார்ப்பவர், விளையாட்டுச் சொல்லித்தருபவர், விடுதி மேற்பார்வையாளர் எல்லாரும் பெண்கள். இந்த வேலைகளில் பெண்ணைப் பார்த்துப் பழகிய மாணவிக்கு 'பெண்ணால் முடியுமா' என்ற கேள்வியே எழாது.

பயிற்சி முடித்தவர்கள் மாகாணத்தின் பல ஊர்களுக்கு வேலைக்குப் போனார்கள். ஒரு ஆசிரியை ஒரு ஊருக்குப் போனால் அங்கே நடக்கும் மாற்றங்களை வரிசைப்படுத்தலாம். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பெண்ணை நிறுத்திவிட்ட பெற்றோருக்கு 'லேடி டீச்சர் வந்திருக்கிறாங்க' என்பதே அனுப்பப் போதுமான காரணமாகிறது. சம்பளம் வாங்கும் பெண்ணை அந்த ஊர் முதன்முதலாகப் பார்க்கிறது. அந்தச் சம்பளத்தில் தம்பி தங்கையர் படிக்கிறார்கள். ஊர்ப் பெண்களின் கடிதங்களைப் படித்துச் சொல்லவும், மனு எழுதவும், பிரசவத்துக்கு மருத்துவமனை போகச் சொல்லவும் ஒருத்தி கிடைக்கிறாள். அவளிடம் படித்தவர்களில் இரண்டு மூன்று பேர் அடுத்த பத்தாண்டில் அதே பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுகிறார்கள். விளக்கிலிருந்து விளக்கு ஏற்றுவது போல என்று இதைச் சொல்லலாம். ஆனால் அந்த முதல் விளக்குக்கு எண்ணெய் ஊற்றியது தெளிவான திட்டமும் அரசுப் பணமும் என்பதை மறந்துவிடக்கூடாது.

பள்ளியும் சட்டமும் இந்தக் காலத்தில் ஒன்றையொன்று தாங்கின. குழந்தை மணத் தடைச் சட்டத்துக்கு வழிவகுத்த ஜோஷி குழுவின் முன் சுப்பலட்சுமி சாட்சியம் அளித்தார். சாரதா சட்டம் என்று அறியப்படும் அந்தச் சட்டம் 1929இல் நிறைவேறிப் பெண்ணின் திருமண வயதைப் பதினான்காக்கியது. சட்டம் புத்தகத்தில் இருந்தாலும் கல்யாணத்தைத் தள்ளிப்போட ஒரு குடும்பத்துக்கு ஊரிடம் சொல்ல ஒரு காரணம் தேவை. 'பரீட்சை முடியட்டும்' என்பது அந்தக் காரணமாக அமைந்தது. சட்டம் தடுத்த கல்யாணங்களைவிடப் பள்ளி தள்ளிப்போட்ட கல்யாணங்கள் அதிகம் என்றே நான் நினைக்கிறேன்.

யாருக்குத் திறந்த கதவு

இந்த வரலாற்றைப் பாராட்டும்போது அதன் எல்லைகளையும் சொல்லவேண்டும். சுப்பலட்சுமியின் இல்லம் பிராமணக் கைம்பெண்களுக்கானது. வேறு சாதிப் பெண்களோடு தங்கவேண்டும் என்றால் வைதீகக் குடும்பங்கள் அனுப்பமாட்டா என்பது அன்று சொல்லப்பட்ட காரணம். மறுமணத்தை இல்லத்தின் கொள்கையாக அவர் முன்வைக்காததற்கும் இதே எச்சரிக்கைதான் காரணம். நடைமுறைக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் ஒரு சமூகத்தின் பெண்களுக்கு இப்படி முன்கூட்டியே கிடைத்த படிப்பும் வேலையும் அடுத்த தலைமுறைகளிலும் அந்தச் சமூகத்துக்கே சாதகமாக இருந்தன. கதவு தாமதமாகத் திறந்தவர்கள் அந்த இடைவெளியை இன்னும் கடந்துகொண்டிருக்கிறார்கள்.

அதே சென்னையில் இன்னொரு கதவை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திறந்தார். தேவதாசிக் குடும்பங்களிலிருந்து வெளியேறிய பெண்களை எந்த விடுதியும் சேர்த்துக்கொள்ளாதபோது, தம் வீட்டிலேயே அவர்களுக்கு இடம் கொடுத்தார். அதிலிருந்து 1930இல் ஔவை இல்லம் பிறந்தது. சட்டமன்றத்தில் தேவதாசி முறைக்கு எதிராகப் பேசியவருக்கு, வெளியேறி வரும் பெண்ணுக்கு அன்றிரவு படுக்க ஓர் இடமும் மறுநாள் உட்கார ஒரு வகுப்பும் இல்லாவிட்டால் சட்டம் அவளுக்கு உதவாது என்று தெரிந்திருந்தது.

உடுவில், ஐஸ் ஹவுஸ், ஔவை இல்லம் மூன்றிலும் பொதுவாக இருப்பது விடுதி. பாடத்திட்டத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். ஆனால் ஏழைப் பெண்ணும், ஒதுக்கப்பட்ட பெண்ணும், பள்ளியில்லாத ஊர்ப் பெண்ணும் படிப்பைத் தொடர்ந்ததைத் தீர்மானித்தது இரவில் பாதுகாப்பாகத் தூங்க ஓர் இடம் இருந்ததா என்பதே. வீட்டு வேலையும் தம்பியைத் தூக்கும் வேலையும் இல்லாமல் மாலையில் படிக்க இரண்டு மணி நேரம் கிடைப்பதும் அங்கேதான்.

இன்றைய முடிச்சு எங்கே இருக்கிறது

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களின் எழுத்தறிவு 73 விழுக்காட்டைத் தாண்டியது. தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியர்களில் பெரும்பான்மையினர் பெண்களே. நூறாண்டுக்கு முன் சுப்பலட்சுமி எதிர்கொண்ட முடிச்சு அவிழ்ந்துவிட்டது. அது வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. பெண்ணின் திருமணச் செலவுக்கு உதவிவந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திட்டம், இப்படி அவளுடைய படிப்புக்கு உதவும் திட்டமாக மாறியிருக்கிறது. உடுவில் மிஷன் கொடுத்த சீதனத்தோடு இதை ஒப்பிட்டால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று தெரியும். அன்று கல்யாணத்துக்காகப் படிப்பு. இன்று கல்யாணத்துக்கு ஒதுக்கிய பணமே படிப்புக்கு வருகிறது.

இப்போது தடை பட்டத்துக்கும் வேலைக்கும் நடுவில் இருக்கிறது. பட்டம் வாங்கிய பெண் வேலைக்குப் போகிறாளா, போனவள் கல்யாணத்துக்குப் பிறகும் தொடர்கிறாளா, தன் சம்பளத்தைப் பற்றித் தானே முடிவெடுக்கிறாளா? இந்தக் கேள்விகளுக்கு நம் பள்ளிகளிடம் பதில் இல்லை, ஏனென்றால் அவை கேட்பதே இல்லை. எந்தப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் வாசலிலும் ஜூன் மாதத்தில் ஒரு பிளெக்ஸ் பேனர் தொங்கும். முதல் மூன்று மாணவிகளின் படமும் மதிப்பெண்ணும், எந்தப் பாடத்தில் எத்தனை பேர் சென்டம் என்பதும் அதில் இருக்கும். பத்தாண்டுக்கு முன் அதே பேனரில் இருந்தவர்கள் இன்று எங்கே என்று கேட்டால் அலுவலகத்தில் ஒரு பதிவேடும் இருக்காது. தேர்ச்சி பெறாமல் நின்றவர்களைப் பற்றி நினைவே இருக்காது. மாற்றுச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவதோடு பள்ளியின் உறவு முடிந்துவிடுகிறது.

சுப்பலட்சுமியின் வழி இதற்கு நேர்மாறானது. இல்லத்துக்கு வரும் பெண் பத்தாண்டு கழித்து எங்கே நிற்கவேண்டும் என்று முதலில் முடிவு செய்தார். அந்த இடத்திலிருந்து பின்னோக்கி வந்து விடுதியையும் பள்ளியையும் பயிற்சிக் கல்லூரியையும் அமைத்தார். அந்த ஒழுங்கை இன்று ஒவ்வொரு பெண்கள் பள்ளியும் தன் அளவில் செய்யலாம். முன்னாள் மாணவிகளின் பதிவேடு ஒன்றை வகுப்பாசிரியர் பொறுப்பில் தொடர்ந்து எழுதிவரலாம். அந்த ஊரிலேயே வேலை செய்யும் பழைய மாணவிகளை, செவிலியர், ஓட்டுநர், வங்கி ஊழியர், வருவாய் ஆய்வாளர் என்று வேறுபாடில்லாமல், பதினோராம் வகுப்புக்கு அழைத்துவந்து சம்பளம், வேலை நேரம், வீட்டில் எழுந்த எதிர்ப்பு உட்பட எல்லாவற்றையும் பேசவைக்கலாம். படிப்பை விட்ட பெண் திரும்பி வர விரும்பினால் யாரிடம் கேட்பது என்று அவளுக்குத் தெரியும்படி செய்யலாம். இவற்றுக்குப் பெரிய நிதி வேண்டாம். பள்ளியின் பொறுப்பு சான்றிதழோடு முடிவதில்லை என்ற தீர்மானம் வேண்டும்.

பெண்கள் பள்ளிகளுக்கு இனித் தேவை இல்லை, இருபாலர் பள்ளியே போதும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பல ஊர்களில் அது சரியாகவும் இருக்கலாம். எந்த வகைப் பள்ளியாக இருந்தாலும் கேட்கவேண்டிய கேள்வி மாறாது. இங்கே படித்த பெண்கள் வெளியே போய் நின்ற இடங்களால், அவர்களுக்குப் பின்னால் வரும் பெண்ணுக்கு எந்தத் தடை நீங்கியது? உடுவிலும் ஐஸ் ஹவுஸும் இந்தக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லமுடிந்த பள்ளிகள். அதனால்தான் அவற்றின் பலன் அங்கே படித்தவர்களின் ஆயுளோடு முடியவில்லை.